பதினேழாவது கேள்வி

"புள்ளி ஒன்பது நாலு!" என்று சொல்லிக் கணினித் திரையை பவதாரிணி பக்கம் திருப்பினார் பேராசிரியர் லட்சுமிநாராயணன். "இருபத்தஞ்சு வருஷமா கைடா இருக்கேன். இவ்வளவு சுத்தமா ஒரு டேட்டா வந்ததில்லம்மா."

அவர் சந்தோஷப்படுவதற்குக் காரணம் இருந்தது. மேலூர் பக்கம் உள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்க்கும் பெண்களின் பணித் திருப்தி பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தாள் பவதாரிணி. முப்பது கேள்விகள், முந்நூற்று எண்பத்து நான்கு படிவங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். 'முற்றிலும் மறுக்கிறேன்' முதல் கட்டம், 'முற்றிலும் உடன்படுகிறேன்' கடைசிக் கட்டம். பதில்கள் ஒன்றோடொன்று எந்த அளவுக்கு ஒத்துப் போகின்றன என்று கணினி ஓர் எண் சொல்லும். புள்ளி ஏழு வந்தாலே போதும் என்பார்கள்.

"பதினேழாவது கேள்வியும் இருபத்தாறாவதும் இருந்தப்ப கொஞ்சம் இடிச்சது. ரெண்டையும் தூக்கிட்டேன். ஏறிருச்சு" என்றார்.

பவதாரிணிக்கு அந்த இரண்டு கேள்விகளும் மனப்பாடம். 'வேறு வேலை கிடைத்தால் இந்த வேலையை விட்டுவிடுவேன்' என்பது பதினேழு. 'இந்த வேலையால் என் உடல்நலம் கெடுகிறது' என்பது இருபத்தாறு. மற்ற இருபத்தெட்டும் ஆலையைப் பற்றி நல்லது கேட்பவை. இந்த இரண்டை மட்டும் அவள் வேண்டுமென்றே தலைகீழாக வைத்திருந்தாள்.

"அந்த ரெண்டையும் எடுக்க வேண்டாம் சார்."

"ஏம்மா?"

"வேலை திருப்தியா இருக்குன்னு கடைசிக் கட்டத்துல டிக் போட்டவங்க, விட்டுட்டுப் போயிருவேங்கறதுக்கும் அதே கட்டத்துல போட்டிருக்காங்க. ரெண்டும் எப்படி சார் உண்மையா இருக்கும்?"

"கேள்வி குழப்பியிருக்கும். படிப்பு கம்மியான ஜனங்க. இதெல்லாம் சகஜம்."

"எங்க அம்மா அஞ்சாவதுதான் சார் படிச்சாங்க. விட்டுட்டுப் போறதுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும்."

லட்சுமிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுகிற மனிதரில்லை. "பவதாரிணி, நாலு மாசத்துல தீசிஸ் குடுத்துரலாம். உங்க காலேஜ்ல ஜூனுக்குள்ள டாக்டர் பட்டம் இல்லாதவங்களை அனுப்பிருவாங்கன்னு நீயே சொன்ன. வம்பு பண்ணாத."

அவர் சொன்னது சரிதான். முப்பத்து நான்கு வயதில், ஒன்பது வருடமாக அதே தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். ஆனாலும் திரும்பி வரும்போது, அவர் மேஜையில் கட்டி வைத்திருந்த படிவங்கள் அத்தனையையும் இரண்டு பைகளில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு படிவமாகப் புரட்டினாள். கணினியில் ஏற்றும்போது அவளும் எண்களைத்தான் பார்த்திருந்தாள், தாளைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் டிக்குகள் ஒரே நேர்கோட்டில் மேலிருந்து கீழே இறங்கின. சில தாள்களில் தனித்தனி டிக்கே இல்லை, ஒரு நீளக் கோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருநூற்றுப் பதினோராவது படிவத்தின் பின்பக்கத்தில் நீலச் சாக்குக் கட்டியால் யாரோ கிறுக்கியிருந்ததைக் கண்டாள். துணியில் அளவு குறிக்கும் சாக்குக் கட்டி. எழுத்து பாதி அழிந்திருந்தது.

'இத கேக்குறவுக நேர்ல வந்து கேட்டா என்ன?'

பவதாரிணிக்கு முகம் சூடேறியது. கேட்டது நியாயம். படிவங்களை எடுத்துக்கொண்டு அவள் ஆலைக்குப் போனது உண்மை. மனிதவள அதிகாரி ராஜேஷ்குமார் காபி கொடுத்து, "எதுக்கு மேடம் சிரமம்? படிவத்தை வச்சிட்டுப் போங்க, நாளைக்கு ரெடியா இருக்கும்" என்றதும், 'அப்பாடா' என்று வைத்துவிட்டு வந்ததும் உண்மை. ஒரு பெண்ணின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரி முடிந்ததும் மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறிக் கொட்டாம்பட்டியில் இறங்கினாள். ஆலை வேன்கள் அங்கேதான் பெண்களை இறக்கிவிடும். ஆறரைக்கு இரண்டு வேன்கள் வந்தன. இறங்கியவர்களிடம், "படிவம் குடுத்தது நாந்தாங்க. உங்கள்ல ஒருத்தவங்க நேர்ல வரச் சொல்லி எழுதியிருந்தீங்க. வந்திருக்கேன்" என்றாள். யாரும் நிற்கவில்லை. கம்பெனி ஆள் என்று நினைத்தார்களோ என்னவோ, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. புதன்கிழமை, நெடுநெடுவென்று வளர்ந்த ஒருத்தி கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து எதிரே நின்றாள்.

"மூணு நாளா நிக்கிறீகளே, கால் வலிக்கலையா?"

"வலிக்குது."

"நாங்க பத்து மணி நேரம் உக்காந்துருக்கோம். எங்களுக்கு இடுப்பு வலிக்குது." சிரித்தாள். "எம்பேரு பாண்டிச்செல்வி. நாந்தான் எழுதுனேன். இப்ப என்ன கேக்கணும்?"

பவதாரிணி பையிலிருந்து தாளை எடுத்துப் பதினேழாவது கேள்வியையும் இருபத்தாறாவதையும் காட்டினாள். மற்றக் கேள்விகளில் மிரட்டலுக்குப் பயந்து டிக் போட்ட பெண்கள் தலைகீழாக வைத்த இந்த இரண்டிலாவது மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. மூன்று நாட்களாக அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். அதை அப்படியே சொன்னாள்.

பாண்டிச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். "அட நீங்க வேற! யாரு மேடம் படிச்சா? சாப்பாட்டு மணி அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கையில தாளைக் குடுத்தாக. கடைசி ரெண்டு கட்டத்துல எதுலயாச்சும் போட்டுக் குடுத்துட்டுச் சாப்பிடப் போங்கன்னாரு சூப்பர்வைசரு. மளமளன்னு போட்டோம். நான் ஒருத்திதான் சோத்த விட்டுட்டு உக்காந்து படிச்சேன். அதுவும் எதுக்கு? மேல உங்க பேரு போட்டுருந்துச்சு. பொம்பள பேரா இருக்கே, என்னதான் கேக்குதுன்னு பாத்தேன்."

"அப்ப படிச்சுப் பாத்த நீங்க ஏன் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டீங்க?"

"எல்லாரும் அஞ்சுல போட நான் மட்டும் ஒண்ணுல போட்டா, அந்தத் தாளு யாருதுன்னு தெரியாதா?"

ஆக, இருபத்தெட்டும் பொய், இரண்டு மட்டும் நிஜம் என்று அவள் நினைத்ததும் தப்பு. முப்பதும் ஒன்றுமில்லை. முந்நூற்று எண்பத்து நான்கு தாளும் ஒரு சூப்பர்வைசரின் ஒரே பதில். பவதாரிணி அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பாண்டிச்செல்வி இரண்டு டீ சொன்னாள்.

"உங்க தாள்ல கேக்காத ஒண்ணு இருக்கு. டோக்கன்" என்றாள்.

ஒரு தையல் லைனில் நாற்பது பெண்கள். சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை தொங்கும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருத்தி போனால் அவள் திரும்பும் வரை முப்பத்தொன்பது பேரும் காத்திருக்க வேண்டும். கேட்டால் எப்போதும் கொடுப்பதும் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள் பாதிப் பேர்.

அன்றிலிருந்து இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் பவதாரிணி கொட்டாம்பட்டிக்குப் போனாள். பதினோரு பெண்கள் பேசினார்கள். மாதவிலக்கு நாளில் டோக்கன் கிடைக்காமல் உட்கார்ந்தே இருந்ததை ஒருத்தி சொன்னாள். சிறுநீர்க் கடுப்பு வந்து மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "தண்ணி குடிங்கம்மா" என்று டாக்டர் திட்டியதை இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொல்லி, சட்டென்று அழுதாள். அத்தனையும் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுதி, நாற்பது பக்க அத்தியாயமாக்கி லட்சுமிநாராயணனிடம் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் முழுவதையும் படித்தார். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். படித்துவிட்டு, "மனசு கஷ்டமா இருக்கு. ஆனா இது ஆராய்ச்சி இல்லம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"ஆயிரத்து நானூறு பேர் வேலை பாக்கற இடத்துல பதினோரு பேர். அதுவும் பேச விருப்பப்பட்ட பதினோரு பேர். மத்தவங்க என்ன நினைக்கறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த முந்நூத்தி எண்பத்து நாலு பேர் நினைக்கறது மட்டும் தெரிஞ்சுதா சார்? ஒரு ஆளு சொன்னதை முந்நூத்தி எண்பத்து நாலு தடவை எண்ணியிருக்கோம்."

"அது டேட்டா எடுத்த லட்சணம். அதுக்கு எண் என்ன பண்ணும்?" அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எங்க அப்பா தறி போட்டவரு. சிம்மக்கல்லுல வியாபாரி சேலையைக் கண்ணால பாத்து, 'உன் வேலை சுமார்தான்'னு ஒதுக்குவாரு. வேண்டியவன்னா அதே சேலை பிரமாதம். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டு வளந்தவன் நான். அளந்து பாத்தா ஆள் யாருன்னு அளவுகோல் கேக்காது. நீ எப்படி இங்க வந்த? உன் கதையைக் கேட்டு சீட் குடுத்தாங்களா? மார்க் ஷீட்டைப் பாத்துக் குடுத்தாங்க. அந்த எண் இல்லேன்னா உன் ஊர்ப் பேரைக் கேட்டுட்டே அனுப்பியிருப்பாங்க."

பவதாரிணிக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மா பாண்டியம்மாள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். 'உன்னைய வயல்லருந்து ஏத்திவிட்டதே அந்த மார்க் ஷீட்டுதான்' என்றுதான் அம்மாவும் சொல்லியிருப்பாள். ஆனாலும் எழுந்துகொண்டே, "அந்த மார்க் நான் எழுதி வாங்கினது சார். எனக்குப் பதிலா வேற யாரும் டிக் போடல" என்றாள்.

அடுத்த ஞாயிறு அந்த நாற்பது பக்கத்தையும் பாண்டிச்செல்வி வீட்டில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினாள். ஆளாளுக்குத் தங்கள் பேச்சு வரும்போது கூச்சப்பட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாண்டிச்செல்வி மட்டும் கடைசி வரை முகம் மாறாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஆனா நான் சிரிச்சுப் பேசுனதெல்லாம் எங்க? மாசச் சீட்டுப் பிடிக்கிறது, லைன்ல பாட்டுப் பாடுறது, அதெல்லாஞ் சொன்னேன்ல? அழுததை மட்டும் பொறுக்கி வச்சிருக்கீக."

பவதாரிணி தாளைப் பார்த்தாள். அவள் சொன்னது உண்மை.

"அது போகட்டும். இத ராஜேஷ்குமார் சார்ட்ட குடுத்தா என்ன சொல்லுவாரு தெரியுமா? பாண்டிச்செல்விக்கு வாய் சாஸ்தின்னுட்டுப் போயிருவாரு. எம்புட்டுப் பேரு, எத்தன தடவைன்னு இருந்தா அப்பிடிச் சொல்ல முடியாது. நம்ம எண்ணுவோம்."

"எண்ணுறதா?" பவதாரிணிக்கு எரிச்சல்கூட வந்தது. எண்களிலிருந்து தப்பித்துத்தானே இங்கே ஓடி வந்தோம்?

"ஆமா. அவுக எண்ணுனா அவுக கேள்வி. நம்ம எண்ணுனா நம்ம கேள்வி. மூணே கேள்வி போதும். இன்னைக்கு டோக்கன் எத்தன தடவை கேட்ட? எத்தன தடவை கெடச்சுச்சு? சாப்பாட்டுக்கு முன்னாடி தண்ணி குடிச்சியா? நல்லாருக்கா, திருப்தியா, அந்த வெங்காயமெல்லாம் வேணாம்."

ஒரு நாள் எண்ணினால் போதுமா என்று ஒருத்தி கேட்டாள். "பத்தாது. அன்னைக்கு ஆளு கம்மின்னுருவாக. ஆறு நாளும் எண்ணணும்" என்றாள் பாண்டிச்செல்வி. நாலாவது லைனை விட்டுவிடலாம், அங்கே சூப்பர்வைசர் தங்கமானவர், கேட்டதும் கொடுத்துவிடுவார் என்றாள் இன்னொருத்தி. பாண்டிச்செல்வி அவளை முறைத்தாள். "அதை விட்டா நம்மளும் அவுகளும் ஒண்ணு. நல்லவரு லைனும் சேரணும்."

ஆய்வு முறையியல் பாடத்தை ஒன்பது வருடமாக நடத்தியவள் அத்தனையையும் குறித்துக்கொண்டாள்.

ஆறு நாளும் தையல் மேஜைகளின் அடிப்பலகையில் நீலக் கோடுகள் விழுந்தன. கேட்டதற்கு ஒரு கோடு, கிடைத்தால் அதன்மேல் குறுக்காக இன்னொன்று. சாயங்காலம் வீடு திரும்பும்போது வேனுக்கு ஒருத்தி அதை நோட்டில் ஏற்றிக்கொள்வாள். ஏழு வேன்கள், வேனுக்கு இரண்டு நடை, இருநூற்றுத் தொண்ணூற்றாறு பெண்கள். சராசரியாக ஒருத்தி நாளைக்கு மூன்று முறை கேட்டிருந்தாள், ஒரு முறை கிடைத்திருந்தது. ஆறு நாளும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் நூற்று முப்பத்தொரு பேர். நாலாவது லைனில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்திருந்தது. அந்த லைனில் பெரும்பாலோர் தண்ணீரும் குடித்திருந்தார்கள்.

பவதாரிணி அந்தக் கணக்கையும் அத்தியாயத்தையும் சேர்த்து ஆய்வுக் குழுவுக்கு அனுப்பினாள். இந்த முறை பாட்டும் சீட்டும் அத்தியாயத்தில் இருந்தன. விஷயம் ஆலைக்கு எட்டியதும், ஆய்வுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்து கடிதம் வந்தது. குழு கூடிய அன்று அந்தக் கடிதம்தான் மேஜையில் முதலில் இருந்தது. ஒரு பக்கம் பல்கலைக்கழக டீன், நடுவில் லட்சுமிநாராயணன், மறு பக்கம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளரான ஒரு பேராசிரியை.

டீன் சுற்றி வளைக்கவில்லை. "அனுமதி இல்லாம எடுத்தது எதுவும் செல்லாது. முதல்ல எடுத்த படிவ டேட்டா அனுமதியோட எடுத்தது, அருமையா இருக்கு. அதை வச்சு முடிச்சிடுங்க. சீக்கிரமே நீங்க டாக்டர்."

"அதை நான் எடுக்கல சார். படிவத்தை வச்சிட்டு வந்தேன், யாரோ நிரப்பிக் குடுத்தாங்க. அது என் தப்பு. அந்தத் தப்புக்குக் கீழ கையெழுத்துப் போட மாட்டேன்."

"யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

பேராசிரியை தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "ஒரு பக்கம் அட்டவணை வச்சிருக்கீங்க. இன்னொரு பக்கம் பதினோரு பேரோட பேச்சு. உண்மை வெளியில இருக்கு, அளந்தா கிடைக்கும்னு நம்பறவங்க ஒரு கட்சி. அவங்கவங்க அனுபவத்துலதான் இருக்கு, கேட்டாத்தான் புரியும்கறவங்க இன்னொரு கட்சி. அடிப்படையே வேற வேற. ரெண்டு பக்கமும் நிக்க முடியாதும்மா. நீங்க எந்தக் கட்சி?"

பவதாரிணி பல நாட்களாக இந்தக் கேள்விக்குப் புத்தகங்களில் பதில் தேடியிருந்தாள். அந்த நேரத்தில் புத்தகம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"டோக்கன் ஆணியில தொங்குது மேடம். நாற்பது பேருக்கு ஒண்ணு. யார் எண்ணினாலும் ஒண்ணுதான். தொண்டை காஞ்சும் தண்ணி பாட்டிலைத் தொடாம உக்காந்திருக்கறது எப்படின்னு அந்தப் பொம்பளைக்கு மட்டும்தான் தெரியும், அவளைத்தான் கேக்கணும். ரெண்டும் ஒரே ஆளோட உடம்புல நடக்குது. கட்சி பிரிக்கறதுக்காக அவளை ரெண்டா வெட்ட என்னால முடியாது. இதுக்குப் பேர் வைக்க முடியலைன்னா அது அந்தக் கட்சிகளோட பிரச்சினை."

டீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லட்சுமிநாராயணன் கையை உயர்த்தினார். அவர் இவ்வளவு நேரமும் அட்டவணையிலேயே குனிந்திருந்தார்.

"நாலாவது லைனை ஏன் சேத்த? அது உன் வாதத்துக்கு எதிரால்ல போகுது?"

"விட்டுரலாம்னு பேச்சு வந்தது சார். பாண்டிச்செல்விங்கறவங்க விடக் கூடாதுன்னுட்டாங்க."

"அவங்க என்ன படிச்சிருக்காங்க?"

"எட்டாவது."

அவர் பேனாவைத் திறந்தார். கூட்டக் குறிப்பில், முதலில் எடுத்த படிவ விவரங்கள் ஆய்வுக்குத் தகுதியற்றவை, இரண்டு கேள்விகளை நீக்கியது வழிகாட்டியின் பிழை என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். டீனின் முகம் கறுத்தது. பிறகு லட்சுமிநாராயணன் பவதாரிணியைப் பார்த்து, "உன் எண்ணை நான் ஏத்துக்கறேன். ஆனா அந்தப் பேச்சை ஆதாரம்னு ஏத்துக்க மாட்டேன். விளக்கத்துக்கு வேணா ஓரமா வச்சுக்கோ" என்றார்.

"ஓரமா வைக்க மாட்டேன் சார்."

"அப்ப வேற கைடு பாத்துக்கோ."

"சரி சார்."

மதுரையில் இரண்டு வருட ஆராய்ச்சி அரை மணி நேரத்தில் முடிந்தது. ஜூனில் கல்லூரி அவளுக்கு வேலை நீட்டிப்புக் கொடுக்கவில்லை. மேலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். திருநெல்வேலிப் பேராசிரியை, "நீங்க சொன்னதுல பாதி எனக்கு உடன்பாடில்ல. ஆனா என்கிட்ட பதிவு பண்ணிக்கோங்க, சண்டை போட ஆள் வேணும்" என்று போனில் சொன்னார். புதுத் தலைப்பு, முதலிலிருந்து வேலை. இன்னும் மூன்று வருடமாவது ஆகும்.

ஆலையில் நடந்ததைப் பாண்டிச்செல்விதான் சொன்னாள். வேனுக்கு ஒருத்தியாக ஏழு பேர் அந்த நோட்டோடு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். ராஜேஷ்குமார் நோட்டைப் புரட்டிவிட்டு, "கம்பெனிக்குள்ள கணக்கெடுக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று கேட்டிருக்கிறார். "சட்டை எத்தன தச்சோம்னு மணிக்கொரு தடவை எங்களைத்தான சார் எண்ணச் சொல்றீக. எண்ணத் தெரிஞ்ச ஆளுக எல்லாத்தையுந்தான் எண்ணுவோம்" என்றிருக்கிறாள் பாண்டிச்செல்வி. ஒரு மாதம் கழித்து லைனுக்கு மூன்று டோக்கன் ஆனது. அதே வாரம் அவளைத் தையலிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும்.

"வருத்தமா இருக்கா?" என்று பவதாரிணி கேட்டாள்.

"கால் வலிக்குது, வருத்தமெல்லாம் இல்ல. மூணுங்கிறதும் பத்தாது, அந்த ஆணியவே பிடுங்கணும். அது பெறகு. இங்க பேக்கிங்ல அறுவது பேரு, ஒருத்திக்கும் கால் வீங்காம இல்ல. ஞாயித்துக்கெழமை வாரீகளா?"

போனாள். பதினோரு பேர் இருந்த இடத்தில் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பவதாரிணி முந்தின நாளே நான்கு கேள்விகளை யோசித்து எழுதிக்கொண்டு போயிருந்தாள். பாண்டிச்செல்வி தாளை வாங்கிப் படித்துவிட்டு, முதல் கேள்வியில் விரலை வைத்தாள்.

"'கால் வலி உண்டா'ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாக. இது ஒரு கேள்வியா? சாயங்காலம் செருப்பு கால்ல ஏறுதா இல்லையான்னு கேளுங்க."

பவதாரிணி பேனாவை எடுத்து அடித்துவிட்டு எழுதினாள். பின்வரிசையில் ஒருத்தி, செருப்பே போடாதவளை என்ன கேட்பது என்றாள். அடுத்த ஒரு மணி நேரம் அதைப் பற்றித்தான் சண்டை.